‘குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது’: கொரோனா குழந்தைங்க உடம்புல என்ன செஞ்சது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

இந்த எபிசோட் கொஞ்சம் தயங்கித்தான் பண்றேன். கொரோனான்னு சொன்னாலே நிறைய பேர் ‘அய்யோ, மறுபடியுமா’ன்னு ஸ்கிப் பண்ணிடுவீங்கன்னு தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா போன மாசம் ஃப்ரெண்டுக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு பார்க்கப் போனோம். கூட வந்தவன் ஒருத்தன் நல்லா இருமிக்கிட்டே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சறான். ‘டேய், தள்ளி நில்லுடா’ன்னு சொன்னதுக்கு, ‘குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுடா, கொரோனா வந்தப்பவே குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே’ன்னான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். ‘குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகல.’ இது முக்கால்வாசி உண்மை. மீதி கால்வாசி என்னன்னு எங்க வீட்லயே நான் பார்த்திருக்கேன். அதையும் சொல்றேன், அதுக்குப் பின்னாடி இருக்கற அறிவியலையும் சொல்றேன். நான் டாக்டர் இல்ல. படிச்சதையும் பார்த்ததையும் சொல்றேன். உங்க குழந்தைக்கு என்ன பண்ணணும்ங்கறதை உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

முதல்ல அந்த முக்கால்வாசி உண்மை

2020 ஆரம்பத்துல வூஹான்ல இருந்து தகவல் வர ஆரம்பிச்சப்பவே டாக்டர்களுக்கு ஒரு ஆச்சரியம். வழக்கமா சளி, இருமல், ஃப்ளூன்னு எது வந்தாலும் முதல்ல அடி வாங்கறது ரெண்டு பேர். ஒண்ணு வயசானவங்க, இன்னொண்ணு சின்னக் குழந்தைங்க. ஆனா இந்த வைரஸ் தாத்தா பாட்டியை ஐசியூவுக்கு அனுப்புச்சு, பேரனுக்கு ஒரு நாள் மூக்கொழுகல் மட்டும் கொடுத்துட்டுப் போயிடுச்சு.

ஏன்? இதுக்கு ஒரே ஒரு காரணம்னு சொல்ல முடியாது. மூணு விஷயம் சேர்ந்து வேலை செஞ்சிருக்கு.

ஒண்ணு, கதவு. இந்த வைரஸ் நம்ம செல்லுக்குள்ள நுழையறதுக்குப் பிடிச்சுக்கற புரதத்துக்குப் பேர் ஏஸ்-2. நியூயார்க்ல மவுன்ட் சினாய் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் வெவ்வேறு வயசுக்காரங்களோட மூக்குத் திசுவை எடுத்துப் பார்த்தாங்க. 10 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க மூக்குல இந்த ஏஸ்-2 மரபணுவோட செயல்பாடு குறைவா இருந்துச்சு. வயசு ஏற ஏற அதுவும் கூடிக்கிட்டே போச்சு.

ரெண்டு, வாட்ச்மேன். நம்ம உடம்புல எந்தக் கிருமின்னு தெரியறதுக்கு முன்னாடியே அடிக்க ஆரம்பிக்கற ஒரு முதல் கட்டப் பாதுகாப்பு இருக்கு. குழந்தைங்க மூக்குலயும் சுவாசப் பாதையிலயும் அந்தப் பாதுகாப்பு எப்பவுமே விழிச்ச நிலையில இருக்கும். பெர்லின்ல சாரிட்டே மருத்துவமனைக் குழு இதை செல் செல்லா ஆராய்ஞ்சு சொன்னாங்க. நம்ம அபார்ட்மெண்ட் கணக்குல சொன்னா, பெரியவங்க வாட்ச்மேன் சேர்ல உக்காந்து தூங்கறாரு. திருடன் உள்ள வந்து, சத்தம் கேட்டு, அதுக்கப்புறம் எழுந்து கண்ணு மண்ணு தெரியாம எல்லாரையும் அடிக்கறாரு. குழந்தைங்க வாட்ச்மேன் கேட்லயே நின்னுக்கிட்டு இருக்காரு.

மூணாவது, வீடு. சர்க்கரை, பிரஷர், பல வருஷமா புகை பிடிச்ச நுரையீரல், அடைப்பு விழுந்த ரத்தக் குழாய், இதெல்லாம் குழந்தைங்களுக்குக் கிடையாது. கோவிட்-19 பெரியவங்களைக் கொன்னதுல ரத்தக் குழாய் சேதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தைங்களோட ரத்தக் குழாய் புதுசு.

ஆக, பெரும்பாலான குழந்தைங்களுக்கு லேசாத்தான் வந்துச்சு, இல்ல வந்ததே தெரியல. எவ்வளவு தெரியலன்னா, 2021 ஜூன்-ஜூலைல ஐசிஎம்ஆர் நாடு முழுக்க நாலாவது தடவையா ரத்தப் பரிசோதனை சர்வே எடுத்தாங்க. 6-ல இருந்து 9 வயசுக் குழந்தைங்கள்ல 57.2 சதவீதம் பேருக்கு ரத்தத்துல கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்துச்சு. 10-ல இருந்து 17 வயசுல 61.6 சதவீதம். அப்ப நம்ம நாட்டுல பதினெட்டு வயசுக்குக் கீழ யாருக்கும் தடுப்பூசியே கிடையாது. அதாவது பாதிக்கு மேல குழந்தைங்களுக்கு அதுக்குள்ளயே தொற்று வந்து போயிருக்கு. ‘அடுத்த அலை குழந்தைங்களைத்தான் தாக்கும்’னு நாடே பயந்துக்கிட்டு இருந்த சமயம் அது. அலை ஏற்கெனவே சத்தமில்லாம உள்ள வந்துட்டுப் போயிருந்துச்சு.

இது வரைக்கும் நல்ல செய்தி. இப்ப எங்க வீட்டுக் கதை.

சித்திரை ஒண்ணும், அதுக்கப்புறம் நாலரை வாரமும்

2021 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அக்கா மடிப்பாக்கம், நான் அப்ப ராயப்பேட்டைல ஃப்ரெண்ட்ஸோட ரூம்ல இருந்தேன். அக்கா பையனுக்கு அப்ப 7 வயசு. ஒரு வருஷமா ஸ்கூல் இல்லாம வீட்டுக்குள்ளயே இருந்த பையன். நான் போனா அவனுக்கு ஒரே கொண்டாட்டம். மத்தியானம் முழுக்க என் மடியில உக்காந்து போன்ல கேம் விளையாடினான்.

மூணு நாள் கழிச்சு எனக்குக் காய்ச்சல். டெஸ்ட் பண்ணா பாசிட்டிவ். உடனே அக்காவுக்கு போன் போட்டேன். அக்காவும் மாமாவும் டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். பையனுக்கு ஒரு நாள் மூக்கொழுகிச்சு, அவ்வளவுதான். ‘அவன் நல்லாத்தான்டா ஓடிக்கிட்டு இருக்கான், குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாதாம், நீ உன் உடம்பைப் பாரு’ன்னு அக்கா சொன்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவனுக்கு டெஸ்ட் எடுக்கல. யாருக்கும் அது தோணவே இல்ல.

மே மாசம். அந்த மே மாசத்தைச் சென்னைல இருந்தவங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரத்துக்கு மேல கேஸ். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசல்ல வரிசைல நிக்கும். அந்த சமயத்துல, மே மூணாவது வாரம், பையனுக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சுது. 102, 103-ன்னு. வயித்து வலி, வாந்தி, லூஸ் மோஷன்.

பக்கத்துல இருந்த கிளினிக்ல ஃபோன்லயே பார்த்தாங்க. ஆர்டி-பிசிஆர் எடுக்கச் சொன்னாங்க, நெகட்டிவ் வந்துச்சு. ‘கொரோனா இல்லம்மா, சாப்பாட்டுல ஏதோ ஒத்துக்கல’ன்னு மருந்து எழுதிக் கொடுத்தாங்க. நெகட்டிவ்னு பார்த்ததும் வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. நாலாவது நாள் கண்ணு ரெண்டும் சிவந்துச்சு. வயித்துலயும் முதுகுலயும் தடிப்பு. உதடு சிவந்து வெடிச்சுது. அஞ்சாவது நாள் காலைல எழுந்து பாத்ரூம் போக நடந்தவன் அப்படியே தலை சுத்திக் கீழ உக்காந்துட்டான். கை கால் சில்லுன்னு இருந்துச்சு.

குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. அங்க டியூட்டில இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: ‘கடந்த ஆறு வாரத்துல வீட்ல யாருக்காவது கோவிட் வந்துச்சா?’

அக்கா ‘இல்ல மேடம், எங்க யாருக்கும் வரல’ன்னா. பொய் சொல்லல. வீட்ல இருந்த யாருக்கும் வரலைன்னுதான் டெஸ்ட் சொல்லுச்சு. நான் அந்த வீட்டு ஆள் இல்லையே.

டாக்டர் விடல. ‘வீட்டுக்கு வந்து போனவங்க? நீங்க போய்ப் பார்த்தவங்க?’ன்னு கேட்டாங்க. அப்பத்தான் அக்காவுக்கு நான் ஞாபகம் வந்தேன். அங்கயே போன் போட்டு ஸ்பீக்கர்ல போட்டா. ‘உனக்கு என்னைக்குடா காய்ச்சல் ஆரம்பிச்சுது?’

ஊரே பூட்டிக் கிடக்கு, ரூம்ல உக்காந்துக்கிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டப்போ எனக்கு வாய் வரல. தாய்மாமன் நான். என்கிட்ட இருந்துதான் அவனுக்குப் போயிருக்கு. தேதியைச் சொன்னேன். சொல்லிட்டு, ‘டாக்டர், என்னாலயா?’ன்னு கேட்டுட்டேன். அவங்க சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. ‘யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க நான் கேக்கல தம்பி. எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அந்தத் தேதி தெரிஞ்சாத்தான் நான் சரியான மருந்தை இப்பவே ஆரம்பிக்க முடியும்.’

அது என்ன நோய்?

அதுக்குப் பேர் மிஸ்-சி. குழந்தைங்களுக்கு வர்ற பல உறுப்பு அழற்சின்னு தமிழ்ல சொல்லலாம். கோவிட் தொற்று வந்து ரெண்டுல இருந்து ஆறு வாரம் கழிச்சு, வைரஸ் உடம்பை விட்டுப் போனதுக்கப்புறம், குழந்தையோட நோய் எதிர்ப்புச் சக்தியே திரும்பி உடம்பை அடிக்கும். இதயம், ரத்தக் குழாய், குடல், தோல், கண்ணு, சிறுநீரகம்னு ஒரே நேரத்துல பல இடத்துல வீக்கம் வரும். வைரஸ் போயிட்டதால ஆர்டி-பிசிஆர் பல நேரம் நெகட்டிவ் காட்டும். ஆன்டிபாடி டெஸ்ட்தான் பாசிட்டிவ் காட்டும். எங்க வீட்ல நடந்தது அதேதான்.

இந்த நோய் 2020 ஏப்ரலுக்கு முன்னாடி உலகத்துல யாருக்கும் தெரியாது. முதல்ல கண்டுபிடிச்சது லண்டன்ல. 2020 ஏப்ரல் நடுவுல பத்து நாளுக்குள்ள எட்டுக் குழந்தைங்க, அதுவரைக்கும் நல்லா இருந்தவங்க, அதிக காய்ச்சலோட ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில ஐசியூவுக்கு வந்தாங்க. அதுல 14 வயசுப் பையன் ஒருத்தன் இறந்து போனான். ஏப்ரல் கடைசில பிரிட்டன் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போச்சு. அதே நேரத்துல இத்தாலியில கொரோனாவால சின்னாபின்னமான பெர்கமோ ஊர் டாக்டர்களும் ஒண்ணைக் கவனிச்சாங்க. கவாசாகி நோய்னு ஒண்ணு இருக்கு. அந்த ஆஸ்பத்திரிக்கு அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துல மொத்தமே 19 குழந்தைங்கதான் அந்த நோயோட வந்திருந்தாங்க. 2020 பிப்ரவரி 18-க்கும் ஏப்ரல் 20-க்கும் நடுவுல, ரெண்டே மாசத்துல, 10 பேர் வந்தாங்க. கணக்குப் போட்டா முப்பது மடங்கு.

கவாசாகி நோய்ங்கறது டொமிசாகு கவாசாகிங்கற ஜப்பான் குழந்தைகள் டாக்டர் கண்டுபிடிச்சது. 1961-ல டோக்கியோல ஒரு நாலு வயசுப் பையனைப் பார்க்கறாரு. விடாத காய்ச்சல், சிவந்த கண்ணு, வெடிச்ச உதடு, தடிப்பு. எந்தப் புத்தகத்துலயும் இல்லாத நோய். அப்புறம் ஒண்ணொண்ணா 50 குழந்தைங்களைச் சேர்த்துப் பார்த்து 1967-ல எழுதறாரு. அந்த நோய் இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற கொரோனரிக் குழாயைப் பதம் பார்க்கும்னு பிற்பாடு தெரிய வந்துச்சு. அவர் தன்னோட 95-ஆவது வயசுல, 2020 ஜூன்ல காலமானாரு. உலகம் முழுக்க டாக்டர்கள் அவர் பேரை மறுபடி மறுபடி சொல்லிக்கிட்டு இருந்த அதே மாசங்கள்ல.

ஆனா மிஸ்-சியும் கவாசாகியும் ஒண்ணு இல்ல. கவாசாகி பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு வரும். மிஸ்-சி வந்தவங்களோட நடு வயசு ஒன்பது பக்கம். மிஸ்-சில வயித்து வலி, வாந்தி ரொம்ப அதிகம். இதயத் தசையே தளர்ந்து ரத்த அழுத்தம் விழறதும் அதிகம். வயித்து வலின்னு வர்றதால ‘ஃபுட் பாய்சன்’னு நினைக்கறதும், சில இடத்துல அப்பெண்டிக்ஸ்னு நினைக்கறதும் உலகம் முழுக்க நடந்திருக்கு. அந்தக் கிளினிக் டாக்டர் மேல இப்ப எனக்குக் கோவம் இல்ல. ஒரு நாளைக்கு நூறு பேரை ஃபோன்லயே பார்த்துக்கிட்டு இருந்த மனுஷன்.

ஏன் சில குழந்தைங்களுக்கு மட்டும் இப்படி? 2024-ல ‘நேச்சர்’ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. மிஸ்-சி வந்த குழந்தைங்கள்ல மூணுல ஒரு பங்குப் பேரோட ரத்தத்துல இருந்த ஆன்டிபாடிங்க, வைரஸோட ஒரு புரதத்தையும் நம்ம உடம்புல இருக்கற எஸ்என்எக்ஸ்-8-ங்கற புரதத்தையும் ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டையும் தாக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. ரெண்டுலயும் ஒரு சின்னத் துண்டு ஒரே மாதிரி இருக்கு. போலீஸ் ஒரே சட்டை போட்டவங்களையெல்லாம் பிடிச்ச கதைதான்.

எவ்வளவு பேருக்கு வந்துச்சு? ஆரம்ப காலக் கணக்குப்படி அமெரிக்காவுல தொற்று வந்த சுமார் மூவாயிரம் குழந்தைங்கள்ல ஒருத்தருக்கு. மொத்தம் 9,000-க்கும் மேல பதிவாச்சு. அதுல சுமார் 1 சதவீதம் பேர் இறந்தாங்க. மூவாயிரத்துல ஒண்ணுங்கறது சின்ன எண்தான். ஆனா ஒரே மாசத்துல லட்சக்கணக்கான குழந்தைங்களுக்குத் தொற்று வந்தா அந்தச் சின்ன எண் பல ஐசியூவை நிரப்பும்.

எக்கோ, ஒன்பது பாட்டில், ஒன்பது நாள்

பையனுக்கு சிஆர்பின்னு ஒரு ரத்தப் பரிசோதனை, உடம்புல வீக்கம் எவ்வளவுன்னு காட்டறது, நூத்தம்பதைத் தாண்டிப் போயிருந்துச்சு. சாதாரணமா பத்துக்குள்ள இருக்கணும். எக்கோ எடுத்தப்போ இதயம் பம்ப் பண்றது பலவீனமா இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானமே ரெண்டு மருந்து ஆரம்பிச்சாங்க. ஒண்ணு ஸ்டீராய்டு. இன்னொண்ணு ஐவிஐஜி.

ஐவிஐஜின்னா, ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க கொடுத்த ரத்தத்தோட பிளாஸ்மாவுல இருந்து பிரிச்சு எடுத்த ஆன்டிபாடி. கவாசாகி நோய்க்குப் பல வருஷமா கொடுக்கற மருந்துதான். குழந்தையோட எடைல ஒரு கிலோவுக்கு 2 கிராம். 22 கிலோ பையனுக்கு 44 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் ஒன்பது. விலையைச் சொன்னா மயக்கம் வரும். அதையும் தாண்டி ஊரடங்குல மருந்து கிடைக்கணும். மாமா பைக்ல மூணு கடை ஏறி இறங்கினாரு. ஒவ்வொரு செக்போஸ்ட்லயும் சீட்டைக் காட்டிக்கிட்டு.

ஒண்ணு சொல்லியாகணும். 2020-லயே சென்னைல காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஒரு எட்டு வயசுப் பையனுக்கு இந்த மாதிரி வந்ததையும் ஐவிஐஜியும் இன்னொரு மருந்தும் கொடுத்துக் காப்பாத்தினதையும் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழ்ல எழுதியிருந்தாங்க. நம்ம நாட்டுல இருந்து வெளிவந்த முதல் சில பதிவுகள்ல அது ஒண்ணு. அப்படி யாரோ ஒரு டாக்டர் தான் பார்த்ததை எழுதி வச்சதாலதான், ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு டாக்டருக்கு ‘ஆறு வாரத்துல யாருக்காவது கோவிட் வந்துச்சா’ன்னு கேக்கணும்னு தெரிஞ்சுது.

நாலு நாள் ஐசியூ, மொத்தம் ஒன்பது நாள். ஆறாவது நாள் அவன் என்கிட்ட வீடியோ கால்ல ‘மாமா, இங்க இட்லி நல்லாவே இல்ல’ன்னான். நான் கேமராவைத் திருப்பி வச்சுட்டேன், அவன் என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு. ரெண்டு வாரத்துல ஒரு எக்கோ, ஆறு வாரத்துல இன்னொண்ணு. ரெண்டாவதுல இதயம் பழையபடி ஆயிடுச்சு. மிஸ்-சி வந்த பெரும்பாலான குழந்தைங்களுக்கு இப்படித்தான், சரியான நேரத்துல மருந்து போனா இதயம் சில வாரத்துலயோ சில மாசத்துலயோ மீண்டுடும். சில மாசம் ஓடியாடி விளையாட வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. அதுதான் அவனுக்குப் பெரிய தண்டனை.

நல்ல செய்தி, ஒமிக்ரான் காலத்துல இருந்து மிஸ்-சி ரொம்பக் குறைஞ்சுடுச்சு. வைரஸ் மாறுனது, பெரும்பாலானவங்களுக்குத் தொற்றாலயோ தடுப்பூசியாலயோ எதிர்ப்புச் சக்தி வந்தது, ரெண்டும் சேர்ந்துதான். நம்ம நாட்டுல 15-ல இருந்து 18 வயசுக்காரங்களுக்கு 2022 ஜனவரி 3-லயும், 12-ல இருந்து 14 வயசுக்காரங்களுக்கு மார்ச் 16-லயும் தடுப்பூசி ஆரம்பிச்சாங்க.

கைக்குழந்தைங்க கணக்கு வேற

இப்ப அந்த இருமல் ஃப்ரெண்டுக்கு வருவோம். ‘குழந்தைங்க’ன்னு நம்ம ஒரே வார்த்தைல சொல்றோம். ஆறு மாசக் குழந்தையும் ஆறு வயசுக் குழந்தையும் ஒண்ணு கிடையாது. ஒமிக்ரான் சமயத்துல அமெரிக்காவுல குழந்தைங்கள்ல அதிகமா ஆஸ்பத்திரில சேர்க்கப்பட்டது ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள கைக்குழந்தைங்கதான். காரணம் எளிமையானது. அவங்க மூச்சுக்குழாய் ரொம்பச் சின்னது, கொஞ்சம் சளி அடைச்சாலே மூச்சு திணறும், பால் குடிக்க முடியாது. அந்த வயசுக்குத் தடுப்பூசியும் கிடையாது. அவங்களுக்கு இருக்கற ஒரே பாதுகாப்பு அம்மாகிட்ட இருந்து வர்ற ஆன்டிபாடி. கர்ப்ப காலத்துல அம்மா தடுப்பூசி போட்டிருந்தா, பிறந்த குழந்தை ஆஸ்பத்திரில சேர்ற வாய்ப்பு பாதிக்கும் மேல குறைஞ்சுதுன்னு 2022-ல வந்த ஆய்வு சொல்லுச்சு.

அதனால தொட்டில்ல கிடக்கற குழந்தையைப் பார்க்கப் போறவங்க, சளி இருமல் இருந்தா போகாதீங்க. ஒரு வாரம் கழிச்சுப் போங்க, குழந்தை அங்கதான் இருக்கும். ‘பார்க்க வரலையே’ன்னு அத்தை கோவிச்சுக்குவாங்கன்னா கோவிச்சுக்கட்டும். இது கொரோனாவுக்கு மட்டும் இல்ல, ஃப்ளூவுக்கும், கைக்குழந்தைங்களை ரொம்பப் படுத்தற ஆர்எஸ்வி வைரஸுக்கும் சேர்த்துத்தான்.

போனதுக்கப்புறமும் போகாதது

இன்னொரு குரூப் இருக்காங்க. தொற்று லேசாத்தான் வந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஏதோ ஒண்ணு சரியில்ல. லாங் கோவிட். 2024-ல ‘ஜாமா’ இதழ்ல வந்த பெரிய அமெரிக்க ஆய்வு, இது வயசுக்கு வயசு வேற மாதிரி இருக்குன்னு காட்டுச்சு. ஸ்கூல் போற சின்னப் பசங்களுக்கு ஞாபகமும் கவனமும் சிதறுறது, தூக்கம் சரியில்லாம போறது, தலைவலி, வயித்து வலி. டீன் ஏஜ் பசங்களுக்கு அசதி, உடம்பு வலி, வாசனையும் ருசியும் தெரியாம போறது.

இதுல கஷ்டம் என்னன்னா, இதைக் கண்டுபிடிக்கத் தனியா ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால அந்தக் குழந்தை வீட்லயும் ஸ்கூல்லயும் கேக்கற வார்த்தை ‘சோம்பேறி’, ‘நடிக்கறான்’. முன்னாடி ஓடிக்கிட்டிருந்த பையன் இப்ப ரெண்டு மாடி ஏறினா உக்காந்துடறான்னா, திட்டறதுக்கு முன்னாடி எப்பல இருந்துன்னு ஒரு தடவை யோசிங்க. பெரும்பாலானவங்க போகப் போகச் சரியாயிடறாங்க. அதுவரைக்கும் நம்பறதுக்கு ஒரு ஆள் வேணும்.

வைரஸ் தொடாமயே பட்ட அடி

கடைசியா, வைரஸ் குழந்தை உடம்புக்குள்ள போகாமயே செஞ்ச சேதம். எண்ணிக்கைல பார்த்தா இதுதான் பெருசு.

தடுப்பூசியை எடுத்துக்கோங்க. கொரோனா தடுப்பூசி இல்ல, வழக்கமா குழந்தைங்களுக்குப் போடறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் போட்ட கணக்குப்படி, தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூணுக்கும் சேர்த்துப் போடற ஊசியோட முதல் டோஸே கிடைக்காத குழந்தைங்க இந்தியாவுல 2019-ல சுமார் 14 லட்சம். 2020-ல 30 லட்சம். ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு. ஊரடங்கு, பயம், சுகாதாரப் பணியாளர்கள் எல்லாரும் கொரோனா டியூட்டி. 2022 கடைசில மும்பையில கோவண்டி பகுதில தட்டம்மை வேகமாப் பரவிக் குழந்தைங்க இறந்தாங்கன்னு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? விட்டுப்போன ஊசிக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு.

கண்ணு. சீனாவுல ஃபெய்செங் ஊர்ல வருஷா வருஷம் ஸ்கூல் பசங்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். 6 வயசுக் குழந்தைங்கள்ல கிட்டப்பார்வை 2015-ல இருந்து 2019 வரைக்கும் எந்த வருஷமும் 5.7 சதவீதத்தைத் தாண்டல. அஞ்சு மாசம் வீட்ல அடைஞ்சு கிடந்த பிறகு, 2020-ல 21.5 சதவீதம். வெயில் படாத கண்ணு, கிட்டத்துல ஸ்கிரீன்.

படிப்பு. நாடு முழுக்க கிராமப்புறத்துல மூணாம் வகுப்புப் பசங்கள்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிஞ்சவங்க, ஏசர் அறிக்கைப்படி, 2018-ல 27.3 சதவீதம், 2022-ல 20.5 சதவீதம். நம்ம தமிழ்நாட்டுல ஒண்ணுல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் ஸ்கூல் திறந்தது 2021 நவம்பர் 1. 2020 மார்ச்ல மூடினது. சத்துணவு சாப்பிடற தட்டும் அத்தனை நாளும் ஸ்கூல்லயேதான் இருந்துச்சு.

ஊரடங்கே தப்புன்னு நான் சொல்ல வரல. குழந்தைங்களுக்குக் கொரோனா கம்மியாத்தான் தொல்லை கொடுத்துச்சுன்னு சொல்லிட்டுக் கணக்கை மூடிடாதீங்கங்கறேன். பெரியவங்களைக் காப்பாத்தறதுக்காகக் குழந்தைங்க விட்டுக் கொடுத்தது நிறைய. அதுல எவ்வளவு திருப்பிக் கொடுத்திருக்கோம்ங்கறது இன்னும் பாக்கி இருக்கற கேள்வி.

நம்ம என்ன பண்ணலாம்?

சுருக்கமா நாலு விஷயம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ஒண்ணு. காய்ச்சல் மூணு நாளைத் தாண்டுதா, கூடவே கண் சிவப்பு, தடிப்பு, கடுமையான வயித்து வலி, கை கால் சில்லிடறது, வழக்கத்துக்கு மாறா சோர்ந்து கிடக்கறது, இதுல எது இருந்தாலும் ஃபோன்ல பேசி முடிக்காதீங்க. நேர்ல காட்டுங்க. சமீபத்துல வீட்ல, சொந்தத்துல, ஸ்கூல்ல யாருக்கு என்ன காய்ச்சல் வந்துச்சுங்கறதைக் கேக்காமலே சொல்லுங்க.

ரெண்டு. சின்னக் குழந்தைக்கு மூச்சை எண்ணக் கத்துக்கோங்க. தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிஷம் எண்ணணும். ரெண்டு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்கு 60, ஒரு வயசுக்குள்ள 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி.

மூணு. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவு பாராசிட்டமால் போதும். அளவு எடையை வச்சு, வயசை வச்சு இல்ல. ஆஸ்பிரின் நீங்களா கொடுக்கவே கூடாது. மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்து ஊத்தாதீங்க.

நாலு. தடுப்பூசி அட்டையை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. 2020, 2021-ல பிறந்த குழந்தை உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இருந்தா, ஏதாவது டோஸ் விட்டுப்போயிருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டிக் கேளுங்க. இப்பவும் போட முடிஞ்சதைப் போடுவாங்க.

முடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த ரெண்டு வருஷமும் தொற்று வந்தவங்களை நம்ம ஊர்ல குத்தவாளி மாதிரிதான் நடத்தினோம். வாசல்ல தகரம் அடிச்சோம், பக்கத்து வீட்டுக்காரங்க கதவைச் சாத்தினாங்க. அதனால நிறைய பேர் மறைச்சாங்க. எங்க வீட்ல யாரும் மறைக்கல, ஆனா நான் ரொம்ப நாள் என்னையே குத்தவாளியா நினைச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்ல. யாருன்னு தேடிக்கிட்டு இருந்திருந்தா அன்னைக்குப் பாதி நாள் அதுலயே போயிருக்கும். எப்பன்னு கேட்டதால மத்தியானத்துக்குள்ள மருந்து ஏறுச்சு. அடுத்த தடவை எந்தக் காய்ச்சல் வந்தாலும், உங்க வீட்ல யாராவது ‘எனக்கு ரெண்டு வாரம் முன்னாடி உடம்பு சரியில்ல’ன்னு பயப்படாம சொல்ற மாதிரி இருக்கட்டும்.

பையன் இப்ப நல்லா இருக்கான். ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல இருக்கான். ஆஸ்பத்திரி விஷயத்துல அவனுக்கு ஞாபகம் இருக்கறது அந்த இட்லி மட்டும்தான்.

உங்க வீட்லயும் இந்த மாதிரி அனுபவம் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். புதுசாக் குழந்தை பிறந்திருக்கற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்பாதீங்க, அவங்களைப் பார்க்கப் போற கும்பலுக்கு அனுப்புங்க.